அலுமினியக் குழாயும் அணு ஆயுதத் தடையும்



ரப்பர் பாலைச் சுழற்றிப் பிரிக்கும் யந்திரத்தைக் கண்டவர்கள் நம் கெடா மாநிலத்தில் இன்னும் பலர் இருக்கக் கூடும். மரத்திலிருந்து இறங்கி வரும் பாலில் நூற்றுக்கு முப்பது பங்கு, சற்று முன்பின்னாக, ரப்பர் இருக்கும். எஞ்சியது பெரும்பாலும் தண்ணீர். கையுறை செய்கிறவர்களுக்கு இவ்வளவு நீர்த்த பால் உதவாது. ஆகவே பால் உறைந்து போகாமலிருக்க அமோனியா கலந்து, மூடிய கலத்தில் விட்டு, நிமிடத்திற்குப் பல ஆயிரம் சுற்று என்ற வேகத்தில் சுழற்றுகிறார்கள். கனமான நீர் கலத்தின் ஓரத்துக்கு ஓடுகிறது. இலேசான ரப்பர் நடுப்பக்கம் ஒதுங்குகிறது. அப்படி ஒதுங்கியதைத் தனியே வடித்தால் நூற்றுக்கு அறுபது பங்கு ரப்பர் உள்ள கெட்டிப் பால் கிடைக்கிறது.

இந்த யந்திரத்தை மனத்தில் வைத்துக்கொண்டால், இன்று நாம் பேசவிருக்கும் பொருளில் பாதி விளங்கிவிடும். அணு ஆயுதமும் ஏவுகணையும் நாட்டுக்கு நாடு பரவாமல் தடுக்க உலகம் விதித்திருக்கும் தடைகளைப் பற்றித்தான் பேசப் போகிறோம். எங்கோ தொலைவில் நடக்கும் காரியம் என்று வானொலியைத் திருப்பிவிட வேண்டாம். அந்தக் கதையின் ஒரு முக்கியமான கட்டம் சிலாங்கூரில் ஷா ஆலம் நகரில் நடந்தது. அதன் விளைவு இன்று கூலிமிலும் சுங்கை பட்டாணியிலும் வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளைத் தொடுகிறது.

பூமியிலிருந்து தோண்டி எடுக்கும் யுரேனியத்தில் இரண்டு வகை முக்கியமானவை. யுரேனியம் 238 என்பது கனமானது. யுரேனியம் 235 என்பது அதைவிட மிகச் சிறிதளவே இலேசானது. எளிதில் பிளந்து ஆற்றலைக் கக்குவது இந்த இலேசான வகைதான். ஆனால் அது இயற்கை யுரேனியத்தில் ஆயிரத்துக்கு ஏழு பங்கு மட்டுமே இருக்கிறது. மின்சாரம் எடுக்கும் உலைகளில் பெரும்பாலானவற்றுக்கு அதை நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு வரை உயர்த்த வேண்டும். குண்டுக்கோ ஏறக்குறைய தொண்ணூறு பங்கு வேண்டும். இப்படி உயர்த்துவதற்குச் செறிவூட்டல் என்று பெயர்.

எப்படி உயர்த்துவது? நம் ரப்பர் பால் கதைதான். யுரேனியத்தை ஃபுளோரினோடு சேர்த்து வாயுவாக்கி, உயரமான, மெல்லிய உருளைக்குள் செலுத்திச் சுழற்றுகிறார்கள். கனமானது ஓரத்துக்குப் போகிறது. இலேசானது நடுவில் நிற்கிறது. வேறுபாடு வேகத்தில்தான். ரப்பர் பாலுக்குச் சில ஆயிரம் சுற்றுப் போதும். இங்கே நிமிடத்திற்கு ஐம்பதாயிரம் சுற்றுக்கு மேல் வேண்டும். ஒரு மயிரிழை கோணினாலும் உருளை வெடித்துச் சிதறிவிடும். அப்படிச் சுழற்றியும் ஒரு கருவியில் கிடைக்கும் பலன் மிகச் சொற்பம். ஆகவே ஒன்றில் வடித்ததை அடுத்ததில் விட்டு, அதில் வடித்ததை அதற்கடுத்ததில் விட்டு, ஆயிரக்கணக்கான கருவிகளைச் சங்கிலி போல் கோக்கிறார்கள்.

இங்கே ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். நூற்றுக்கு நான்கு பங்கு வரை உயர்த்துவதற்குள்ளேயே மொத்த உழைப்பில் பெரும்பகுதி முடிந்துவிடுகிறது. மின்சாரத்துக்காகச் சுழற்றுகிறேன் என்று சொல்லுகிறவர் மனம் மாறினால், குண்டுக்குப் போய்ச் சேர எஞ்சியிருக்கும் வழி குறுகியது. கருவியும் அதேதான். அடுப்பு ஒன்று, அதில் சோறும் வடிக்கலாம், வீட்டையும் கொளுத்தலாம். அணுத் தடைகளின் சிக்கல் அனைத்தும் இந்த ஒரு முடிச்சிலிருந்து பிறப்பதுதான்.

இனி ஷா ஆலம் கதைக்கு வருவோம்.

2003ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், துபாயிலிருந்து லிபியாவுக்குப் போய்க்கொண்டிருந்த பிபிசி சைனா என்னும் கப்பலைத் திசை திருப்பி, இத்தாலி நாட்டின் தாரன்தோ துறைமுகத்துக்குக் கொண்டுபோனார்கள். அது ஒரு ஜெர்மானியக் கம்பெனியின் கப்பல். அதிலிருந்து ஐந்து பெட்டகங்களை இறக்கிப் பார்த்தபோது, யுரேனியச் சுழலிக்கு வேண்டிய உறுப்புகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. அவை இருந்த மரப்பெட்டிகளில் ஷா ஆலத்தில் இயங்கிய ஸ்கோமி பிரிசிஷன் இன்ஜினியரிங் என்னும் தொழிற்சாலையின் பெயர் பொறித்திருந்தது.

அந்தச் செய்தி தமிழ் நாளேடுகளில் வந்தபோது நாம் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தோம். விடுதி உணவுக்கூடத்தில் ஒரே பேச்சு. மலேசியா அணுகுண்டு செய்கிறதாமே என்று ஒருவர். அதெல்லாம் அமெரிக்காவின் கட்டுக்கதை என்று இன்னொருவர். இருவர் சொன்னதும் தவறு என்பது பின்னாளில் நிதானமாகப் படித்தபோதுதான் விளங்கிற்று.

மலேசியக் காவல் துறை 2004ஆம் ஆண்டு பிப்ரவரி 20ஆம் நாள் ஓர் அறிக்கை வெளியிட்டது. அதன்படி நடந்தது இது: இலங்கையைச் சேர்ந்தவரும் துபாயில் வணிகம் செய்தவருமான புகாரி சையது அபு தாகிர் என்பவர் அந்தத் தொழிற்சாலைக்கு ஒரு வேலை கொண்டுவந்தார். அலுமினியத்தில் கடைந்தெடுக்கும் 14 வகை உறுப்புகள். மதிப்பு 1 கோடியே 30 லட்சம் வெள்ளி. 2002 டிசம்பர் முதல் 2003 ஆகஸ்டு வரை நான்கு தவணைகளில் சரக்கு துபாய்க்குப் போயிற்று. எண்ணெய், எரிவாயுத் தொழிலுக்கான பொருள் என்றுதான் தங்களுக்குச் சொல்லப்பட்டது என்று தொழிற்சாலை கூறிற்று. உறுப்புகளின் உண்மையான பயன் கம்பெனிக்குத் தெரியாது என்றே காவல் துறையும் முடிவு செய்தது.

அந்த அறிக்கையில் நம் மனத்தை விட்டு நீங்காத பகுதி ஒன்று உண்டு. தாகிர் ஏற்பாட்டில் ஊர்ஸ் டின்னர் என்னும் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் தொழிற்சாலையில் ஆலோசகராக இருந்தார். ஒவ்வோர் உறுப்பும் முடிந்தவுடன் அதன் வரைபடத்தை அவர் திரும்ப வாங்கிக்கொள்வார். தொழில் ரகசியத்தைக் காப்பதற்காக என்றே மற்றவர்கள் எண்ணினார்கள். போகும்போது தாம் பயன்படுத்திய கணினியின் வன்தட்டையும் எடுத்துக்கொண்டு போனார். நேயர்களே, லேத் யந்திரத்தின் முன்னால் நிற்கும் ஒருவருக்கு இதில் ஐயம் தோன்றியிருக்க நியாயம் இல்லை. படம் கொடுக்கிறார்கள், அளவு சொல்லுகிறார்கள், கடைந்து கொடுத்தால் மாதம் முடிந்ததும் சம்பளம். ஒரு குழாயைக் கையில் எடுத்துப் பார்த்து, இது லிபியாவில் யுரேனியம் சுழற்றப் போகிறது என்று எந்தத் தொழிலாளி கண்டான்?

இந்த வலைக்கு நடுவில் இருந்தவர் பாகிஸ்தானின் அணு விஞ்ஞானி அப்துல் காதிர் கான். 1970களில் நெதர்லாந்தில் வேலை செய்தபோது சுழலியின் நுட்பங்களை அறிந்துகொண்டு, 1975இல் தாய்நாடு திரும்பியவர். பாகிஸ்தானுக்குக் குண்டு செய்ய உதவியதோடு நில்லாமல், அதே நுட்பத்தை ஈரான், வட கொரியா, லிபியா ஆகிய நாடுகளுக்கும் கொடுத்தவர்; நுட்பம் பரவியதற்குத் தாமே பொறுப்பு என்று 2004 பிப்ரவரி 4ஆம் நாள் தொலைக்காட்சியில் ஒப்புக்கொண்டார். 2021இல் காலமானார். ஒரு நாட்டில் குழாய், இன்னொரு நாட்டில் மோட்டார், வேறொரு நாட்டில் படம், துபாயில் கிட்டங்கி. இப்படித் துண்டு துண்டாகப் பிரித்துவிட்டால், எந்தத் துண்டும் குற்றமாகத் தோன்றாது. கானின் கெட்டிக்காரத்தனம் முழுவதும் அதில்தான் இருந்தது.

லிபியா 2003 டிசம்பர் 19ஆம் நாள் தன் அணு ஆயுதத் திட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்தது. தாகிர் 2004 மே மாதம் நம் நாட்டு உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்த் தடுத்து வைக்கப்பட்டு, 2008இல் விடுவிக்கப்பட்டார். நீதிமன்றத்தில் வழக்கு நடக்கவில்லை. எந்தச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடுப்பது? அலுமினியக் குழாய் ஏற்றுமதி செய்வதற்கு அன்று நம் நாட்டில் தடை இல்லை. அமெரிக்கா 2009 ஜனவரியில் கான், தாகிர், டின்னர் முதலியோர் மீது தன் சொந்தத் தடைகளை விதித்தது. டின்னரைச் சுவிட்சர்லாந்து நீதிமன்றம் 2012இல் தண்டித்தது. அவர் அமெரிக்க உளவுத் துறைக்கும் உதவியவர் என்பது அதற்குள் வெளியாகியிருந்தது. இந்த உலகில் யார் யாருக்கு வேலை செய்கிறார் என்று கண்டுபிடிப்பதற்குத் தனியாக ஒரு சுழலி வேண்டும் போலும்.

சரி, தடை என்றால் என்ன?

நம் முன்னோர் ஊர்க்கட்டுப்பாடு என்று ஒன்று வைத்திருந்தார்கள். ஊர் முடிவை மீறினவன் வீட்டுக்கு யாரும் நெருப்புக் கொடுக்கக் கூடாது. வண்ணான் துணி எடுக்கக் கூடாது. நல்லது கெட்டதுக்குப் போகக் கூடாது. அடிக்காமல் உதைக்காமல் ஒருவனை வழிக்குக் கொண்டுவரும் ஏற்பாடு. உலகத் தடையும் அதுவே. ஐக்கிய நாட்டுச் சபையின் சாசனம், போர் தொடுப்பதற்கு முன்னால் வணிகத்தையும் போக்குவரத்தையும் நிறுத்திப் பார்க்கும் உரிமையைப் பாதுகாப்பு மன்றத்துக்கு 41ஆம் விதியில் கொடுத்திருக்கிறது. ஆயுதம் விற்கக் கூடாது என்பது ஒரு வகை. குறிப்பிட்டவர்களின் வங்கிக் கணக்கை முடக்குவதும், அவர்கள் பயணம் செய்யாமல் தடுப்பதும் இன்னொரு வகை. கப்பலைச் சோதிப்பது, நிலக்கரி வாங்காமல் இருப்பது, எண்ணெய்க்கு அளவு போடுவது என்று பட்டியல் நீளும்.

ஊர்க்கட்டுப்பாட்டின் பழைய குறையும் இதில் உண்டு. மிராசுதாரரை ஊர் விலக்கி வைத்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை. பாதுகாப்பு மன்றத்தின் நிரந்தர உறுப்பினர் ஐவரிடமும் அணுகுண்டு இருக்கிறது. 1970இல் நடப்புக்கு வந்த அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தம் அந்த ஐவரை மட்டும் ஆயுதம் உடையவர்களாக ஏற்றுக்கொண்டது. அவர்களும் படிப்படியாகக் கைவிடப் பேச வேண்டும் என்றது. அரை நூற்றாண்டு கடந்தும் அவர்கள் கைவிடவில்லை. இதை மறைத்துவிட்டுத் தடைகளைப் பற்றிப் பேசுவது பிள்ளைகளுக்குப் பாதி வாய்ப்பாடு சொல்லிக் கொடுப்பது போலாகும்.

வட கொரியா 2006 அக்டோபர் 9ஆம் நாள் முதல் அணுச் சோதனை நடத்திற்று. ஐந்தாம் நாள், 1718ஆம் தீர்மானம் பிறந்தது. அதன் பிறகு 2017 வரை மேலும் ஐந்து சோதனைகள்; ஒவ்வொன்றுக்கும் பின்னால் மேலும் இறுக்கமான தீர்மானங்கள். 2017இல் மட்டும் அந்நாட்டின் நிலக்கரி, இரும்பு, கடலுணவு, துணி எல்லாவற்றையும் வாங்கத் தடை வந்தது. சுத்திகரித்த எண்ணெய் ஆண்டுக்கு 5 லட்சம் பீப்பாய்க்கு மேல் போகக் கூடாது என்றானது. வெளிநாடுகளில் வேலை செய்யும் வட கொரியர்களை 24 மாதங்களுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும் என்றும் ஆணை பிறந்தது. இத்தனைக்குப் பின்னும் அந்நாடு கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைகளை விண்ணில் விட்டுக்கொண்டுதான் இருக்கிறது. தடை தோற்றதா என்றால், அப்படியும் உடனே சொல்லிவிட முடியாது. தடை இல்லாவிட்டால் எத்தனை ஏவுகணை என்று எண்ணிக் காட்டுவார் யாருமில்லை. 2024 மார்ச்சில் ரஷ்யா தன் இரத்து அதிகாரத்தைப் பயன்படுத்தியதால், இந்தத் தடைகளைக் கண்காணித்து வந்த ஐ.நா. நிபுணர் குழு அந்த ஏப்ரலோடு கலைந்தது. காவல்காரர் போனபின் வேலி மட்டும் நிற்கிறது.

இந்த வட கொரியக் கதையிலும் நம் நாட்டுப் பெயர் வருகிறது. கிளோகாம் என்னும் பெயரில் இராணுவ வானொலிக் கருவிகள் விற்ற ஒரு நிறுவனம் கோலாலம்பூரிலிருந்து இயங்குவதாகக் காட்டிக்கொண்டது என்றும், அதன் பின்னால் வட கொரியர் இருந்தனர் என்றும் 2017இல் ஐ.நா. நிபுணர்கள் அறிக்கை கொடுத்தார்கள். அது கொடுத்திருந்த முகவரி எங்கே தெரியுமா? பிரிக்ஃபீல்ட்ஸ். நாம் கோலாலம்பூர் போனால் வாழையிலைச் சாப்பாடு தேடிப் போகும் அதே லிட்டில் இந்தியா. கீழே மாலை கட்டுகிறார்கள். மேலே மாடியில் யார் என்ன விற்கிறார் என்று யார் கண்டது? அதற்கு முன்பே, 2010இல் ஈரான் மீது வந்த 1929ஆம் தீர்மானத்தில் லாபுவானில் பதிவான ஈரானியர் வங்கி ஒன்று பெயர் குறித்துச் சேர்க்கப்பட்டிருந்தது. பணச் சலவை செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட ஒரு வட கொரியரை 2021 மார்ச்சில் மலேசியா அமெரிக்காவிடம் ஒப்படைத்தபோது, வட கொரியா நம்மோடு வைத்திருந்த அரசதந்திர உறவையே முறித்துக்கொண்டது. 1973இல் தொடங்கிய உறவு அது.

ஈரானைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. 2006 முதல் அடுத்தடுத்துத் தடைகள், 2015இல் உடன்பாடு, 2018இல் அமெரிக்கா அதிலிருந்து விலகல், 2025 செப்டம்பரில் ஐ.நா. தடைகள் மீண்டும் திரும்பின.

ஈராக்கைப் பற்றி மட்டும் சற்று நிற்க வேண்டும். குவைத்துக்குள் புகுந்ததற்காக 1990 ஆகஸ்டில் அதன்மேல் முழுத் தடை விதித்தார்கள். போர் முடிந்தபின், பேரழிவு ஆயுதங்களையும் 150 கிலோமீட்டருக்கு மேல் பாயும் ஏவுகணைகளையும் அழித்தாலன்றித் தடை நீங்காது என்றார்கள். தடை 2003 வரை நீடித்தது. அதிபர் மாளிகையில் விளக்கு அணையவில்லை. தண்ணீர்ச் சுத்திகரிப்புக்கு உறுப்பு இல்லை, மருத்துவமனையில் மருந்து இல்லை என்று தவித்தவர்கள் எளிய குடிகள். அங்கே ஐ.நா.வின் உதவிப் பணிக்குத் தலைமை தாங்கிய டெனிஸ் ஹாலிடே 1998இலும், அவருக்குப் பின் வந்த ஹான்ஸ் வான் ஸ்போனெக் 2000இலும், இந்தப் பாவத்துக்கு உடந்தையாக இருக்க மாட்டோம் என்ற மனநிலையில் பதவி துறந்தார்கள். அதற்குப் பிறகுதான், நாட்டையே முடக்காமல் ஆள் பார்த்து, வங்கி பார்த்து, பொருள் பார்த்துத் தடுக்கும் முறை வலுப்பெற்றது. முறை மாறிற்று என்பது உண்மை. ஆனால் மீன் விற்கத் தடை என்றால் வலை வீசுகிறவன் வயிறுதான் முதலில் காயும் என்பதும் உண்மைதான்.

இப்போது தமிழ் மண்ணுக்கு ஒரு நடை போய் வருவோம். தடையை விதிக்கும் பக்கத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தால் போதாது; அதற்கு ஆளானவர் பக்கத்தையும் பார்க்க வேண்டும்.

இந்தியா 1974 மே 18ஆம் நாள் போக்ரானில் முதல் அணுச் சோதனை நடத்திற்று. அதற்கான புளுட்டோனியம், அமைதிக் காரியங்களுக்கென்று கனடா கொடுத்த உலையில் விளைந்தது. நம் பெற்றோர் தலைமுறையில் பலர் அன்று பெருமைப்பட்டிருப்பார்கள். ஆனால் அணுப் பொருள் விற்கும் நாடுகள் ஒன்றுகூடி, எதை யாருக்கு விற்பது என்று பட்டியல் போடத் தொடங்கியதற்குக் காரணமும் அதே சோதனைதான். நம்மவர் பெருமையும் உலகத்தார் அச்சமும் ஒரே நாளில் பிறந்தவை.

கனடா கையை விலக்கிக்கொண்டது. தாராப்பூர் உலைக்கு அமெரிக்கா அனுப்பி வந்த எரிபொருளும் 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடைப்பட்டது. சென்னைக்குத் தெற்கே கல்பாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த மின் உலைகளை இந்தியப் பொறியாளர்கள் தாங்களே செய்து முடிக்க வேண்டி வந்தது. முதல் உலை 1983 ஜூலையில் இயங்கத் தொடங்கிற்று. அதே கல்பாக்கத்தில் பிரெஞ்சு மாதிரியில் அமைத்த சோதனை உலைக்குச் செறிவூட்டிய யுரேனியம் கிடைக்கவில்லை. உலையைக் கட்டிவிட்டு எரிபொருள் இல்லாமல் உட்கார்ந்திருப்பதா? புளுட்டோனியமும் யுரேனியமும் கலந்த கார்பைடு என்னும் புதுவகை எரிபொருளை அவர்களே உருவாக்கினார்கள். 1985 அக்டோபரில் உலை உயிர் பெற்றது.

ஏவுகணைக் கதை நடந்தது திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில். 500 கிலோ சுமையை 300 கிலோமீட்டர் தூக்கிச் செல்லும் ஏவுகணைகளின் நுட்பத்தை விற்பதில்லை என்று 1987இல் சில நாடுகள் தங்களுக்குள் உடன்பட்டன. இந்திய விண்வெளி நிறுவனமோ பெரிய துணைக்கோள்களை மேலே ஏற்றுவதற்காகக் கடுங்குளிர் எந்திர நுட்பத்தை ரஷ்யாவிடம் விலை பேசியிருந்தது. நீராக்கிய ஹைட்ரஜனைப் பூஜ்யத்துக்குக் கீழே 253 பாகையிலும், ஆக்சிஜனை 183 பாகையிலும் வைத்துக்கொண்டு எரிக்கும் எந்திரம் அது. இதுவும் ஏவுகணை நுட்பம் என்று சொல்லி, அமெரிக்கா 1992 மே மாதத்தில் இரு தரப்பின் நிறுவனங்கள் மீதும் இரண்டாண்டுத் தடை விதித்தது. இவ்வளவு குளிர்ந்த எரிபொருளை நிரப்பி வைத்துக்கொண்டு எந்தப் படையும் போருக்குக் காத்திருக்க முடியாது என்று விஞ்ஞானிகள் சொன்னது எடுபடவில்லை. ரஷ்யா எந்திரங்களை மட்டும் கொடுத்து நுட்பத்தைக் கொடுக்காமல் நின்றுகொண்டது. மகேந்திரகிரியின் அடிவாரத்தில் ஆண்டுக்கணக்கில் எரித்துப் பார்த்து, தோற்று, மறுபடியும் எரித்துப் பார்த்து, 2014 ஜனவரி 5ஆம் நாள் சொந்த எந்திரத்தோடு ராக்கெட் வெற்றியாக மேலே போயிற்று. இரண்டாண்டுத் தடை ஏறக்குறைய 22 ஆண்டு வேலை வைத்தது. 1998இல் மறுபடியும் போக்ரான், மறுபடியும் தடை. 2001இல் அவை பெரும்பாலும் நீங்கின. 2016இல் அந்த ஏவுகணைக் கட்டுப்பாட்டு அமைப்பிலேயே இந்தியா உறுப்பினராகச் சேர்ந்துகொண்டது. அன்று வாசலில் நின்றவர் இன்று உள்ளே அமர்ந்து பட்டியல் பார்க்கிறார்.

தடை அறிவை வளர்த்தது என்று இதைக் கொண்டு சிலர் பேசுவார்கள். நமக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. கல்பாக்கத்தாருக்குப் பெரிய நாடும், பல்கலைக்கழகங்களும், காத்திருக்கும் காலமும் இருந்தன. அவை இல்லாத சிறிய நாட்டில் தடை என்ன செய்யும் என்பதற்கு ஈராக்கை நினைத்துக்கொள்ளலாம்.

நம் நாட்டுக்குத் திரும்புவோம். ஷா ஆலம் விவகாரம் வெளியான சில வாரங்களில், 2004 ஏப்ரல் 28ஆம் நாள், பாதுகாப்பு மன்றம் 1540ஆம் தீர்மானத்தை நிறைவேற்றிற்று. இது தனியொரு நாட்டின்மேல் வந்த தடை அன்று. எல்லா நாடுகளும், தத்தம் மண்ணில் தனியார் யாரும் இத்தகைய ஆயுதங்களுக்குத் துணை போகாதபடி சட்டம் செய்ய வேண்டும். ஏற்றுமதியையும் எல்லையையும் காக்க வேண்டும் என்பது அதன் சாரம். மலேசியா 2010இல் வியூகப் பொருள் வாணிபச் சட்டத்தை இயற்றிற்று. மறு ஆண்டு அது நடப்புக்கு வந்தது. பட்டியலில் உள்ள பொருளை ஏற்றுமதி செய்வதற்கு மட்டும் அன்று, நம் துறைமுகத்தில் இறக்கி வேறு கப்பலுக்கு மாற்றுவதற்கும், இடைத்தரகு செய்வதற்கும் அனுமதி வேண்டும். பட்டியலில் இல்லாத பொருளாக இருந்தாலும், அது பேரழிவு ஆயுதத்துக்குப் போகிறது என்று தெரிந்தாலோ ஐயம் தோன்றினாலோ தெரிவித்தாக வேண்டும். மீறினால் நீண்ட சிறை, மிகப் பெரிய அபராதம்.

சுங்கச் சோதனை நமக்குப் புதிதன்று. காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கத்தார் மூட்டைகளுக்குப் புலி முத்திரை குத்தியதையும், அந்தத் துறையில் குவிந்த பொருள்களில் காழகத்து ஆக்கமும் இருந்ததையும் பட்டினப்பாலை சொல்லுகிறது. காழகம் என்பது நம் கெடாதான் என்று அறிஞர் பலர் கருதுவர். ஆனால் அன்றைய சுங்கத்தார் கேட்டது வரி. இன்றைய சுங்கத்தார் கேட்பது, இதைக் கடைசியில் கையில் பிடிக்கப் போகிறவர் யார் என்று.

அந்தக் கேள்விதான் கூலிமுக்கும் சுங்கை பட்டாணிக்கும் வந்திருக்கிறது. கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா 1996இல் திறக்கப்பட்டது. பால்மரம் வெட்டிப் பழகிய குடும்பத்துப் பிள்ளைகள் இன்று அங்கே வெள்ளை உடையும் முகமூடியும் அணிந்து சிலிக்கான் தகடு பிடிக்கிறார்கள். மின்னணுச் சில்லு, துல்லியமான வால்வு, வெற்றிடப் பம்பு, கரிநார், உறுதி மிகுந்த அலுமினியம் எல்லாம் மருத்துவமனைக்கும் போகும், ஏவுகணைக்கும் போகும். 2025 ஜூலையில், அமெரிக்காவில் பிறந்த உயர்திறன் செயற்கை நுண்ணறிவுச் சில்லுகள் மலேசியா வழியாக வேறு நாட்டுக்குப் போவதற்கும் இதே சட்டத்தின்கீழ் அனுமதி வேண்டும் என்று நம் அரசு அறிவித்தது. அணுவுக்காகப் போட்ட வேலி அணுவைத் தாண்டியும் நீண்டுகொண்டு போகிறது.

சென்ற ஆண்டு தீபாவளிக்கு நம் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். தோட்டத்துப் பள்ளியில் கணக்கில் கெட்டிக்காரன். இப்போது சுங்கை பட்டாணிப் பக்கம் உலோகம் கடையும் ஒரு தொழிற்சாலையில் கணினி லேத் ஓட்டுகிறான். முறுக்கைக் கடித்துக்கொண்டே பேச்சு வேலையைப் பற்றித் திரும்பிற்று.

"படத்தைக் கொடுப்பாங்க சார், அளவு சொல்லுவாங்க. எதுக்குன்னு கேட்டா எங்க சூப்பர்வைசருக்கே தெரியாது" என்றான்.

ஷா ஆலம் கதையைச் சொன்னோம். வரைபடத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போன பொறியாளரைப் பற்றியும் சொன்னோம். கேட்டுக்கொண்டிருந்தவன், "எங்ககிட்டயும் அப்படி வாங்கிக்கிட்டுப் போறவங்க இருக்காங்க சார். அதெல்லாம் சாதாரணம்" என்றான். அவன் சொன்னதும் சரிதான். பத்து வாடிக்கையாளரில் பத்துப் பேரும் நேர்மையாகவே ரகசியம் காக்கிறவர்களாக இருக்கலாம். சந்தேகப்படுவதற்கு என்று ஓர் அளவு வேண்டாமா என்று நாமும் திகைத்துப் போனோம்.

சில மாதங்கள் கழித்துத் தொலைபேசியில் அழைத்தான். கம்பெனியில் இப்போது வெளிநாட்டுச் சரக்குக்கெல்லாம் ஒரு படிவம் வைத்திருக்கிறார்களாம். வரைபடக் குறிப்பேட்டைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை இவனிடம் கொடுத்திருக்கிறார்களாம். புதிதாக வந்த ஓர் ஆர்டரில் வாங்குகிறவர் எல்லாவற்றையும் நிரப்பிவிட்டு, இறுதியாகப் பயன்படுத்துபவர் யார் என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறார். இரண்டு முறை கேட்டு எழுதியும் பதில் இல்லை. சரக்கு கிட்டங்கியில் அப்படியே கிடக்கிறது. அதனால் அந்த மாதம் அவன் பிரிவில் பன்னிரண்டு பேருக்கு ஓவர்டைம் இல்லாமல் போய்விட்டதாம். அதைத்தான் அவன் முதலில் சொன்னான்.